தம்பி தெளிஞ்சது வேண்டுதலாலயா சிரப்பாலயா? நாவல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்

#1 ஈரத்துணி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன், 270 பக்கம் வந்தாச்சு, ஒரே ஒரு காட்சில முட்டிக்கிட்டு நாலு மாசமா நகரல. கதை இதான்: ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா முன்னாடியே போயிட்டார். தம்பி 19 வயசுல குடிக்க ஆரம்பிச்சு 35-ல கல்லீரல் கெட்டு 36-ல செத்துப்போறான். கதை சொல்றது அக்கா. அவளுக்கு கடவுள் நம்பிக்கை சின்ன வயசுல இருந்துச்சு, எப்ப போச்சுன்னு அவளுக்கே சரியா தெரியாது. அம்மாவுக்கு அது மட்டும்தான் இருக்கு.

இப்ப சிக்கல். கடைசி வருஷத்துல தம்பிக்கு மூளை குழம்பிடுது. பகல் பூரா தூங்கறான், ராத்திரி முழிச்சுக்கிட்டு எதையோ தேடறான், அம்மாவை பாத்து நீங்க யாருங்கறான். ஆஸ்பத்திரில சேத்து அஞ்சாவது நாள் ராத்திரி அம்மா கட்டிலுக்கு பக்கத்துல முட்டி போட்டு விடிய விடிய வேண்டிக்கிட்டே இருக்கா. விடியறப்ப அவன் கண்ணை தொறந்து "ஏம்மா தரைல கெடக்க, முட்டி வலிக்கலயா"ன்னு கேக்கறான். அம்மாவுக்கு அது அற்புதம். ஆனா முந்தின நாள் மதியத்துலேர்ந்து லாக்டுலோஸ் சிரப்பை டோஸ் ஏத்திட்டாங்க, மணி பாத்து ஊத்தினதே அக்காதான், அதனாலதான் தெளிஞ்சான்னு அக்காவுக்கு தெரியும். ஏழு மாசம் கழிச்சு தம்பி போயிடறான். அம்மா அந்த ஒரு காலைய வெச்சுக்கிட்டுதான் மிச்ச நாளை ஓட்டறா, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்றா.

அக்கா உண்மைய சொல்லணுமா கூடாதா? ரெண்டு மாதிரியும் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டுமே பொய்யா இருக்கு.

#2 சுண்டெலி

சொல்லவே கூடாதுங்க. அந்தம்மாகிட்ட மிச்சம் இருக்கறதே அந்த ஒரு காலைதான், அதையும் பிடுங்கிட்டு அக்கா என்ன சாதிக்க போறா. (நான் நாவல் படிக்கிறவ மட்டும்தான், எழுதத் தெரியாது, தப்பா சொன்னா விட்ருங்க)

#3 நாத்திகன்_2

நான் நேர்மாறா சொல்வேன், கண்டிப்பா சொல்லணும். அம்மா அந்த கதைய வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றான்னு நீங்களே எழுதிருக்கீங்க. கேக்கறவங்கள்ல ஒருத்தி வீட்டுலயும் இதே மாதிரி ஒரு பையன் கெடப்பான். அவ ஆஸ்பத்திரிக்கு ஓடாம முட்டி போட்டு உக்காந்தா அந்த பையன் கதி என்ன? ஒரு பொய்யான அற்புதம் ஒரு வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் ஆறுதல், வாசலை தாண்டினா ஆபத்து. அக்கா வாய மூடிக்கிட்டு இருந்தா அது கருணை இல்ல, சோம்பேறித்தனம். நாவல்ல இந்த பக்கத்தை யாரும் எழுதறதே இல்ல, எப்பவும் நம்பிக்கையுள்ள அம்மாவை பாத்து வாசகன் கண்ணை தொடைச்சுக்கிட்டு போகணும், அவ்ளோதான்.

#4 பழைய_பேனா

ரெண்டும் பொய்யா இருக்குன்னு உங்களுக்கே பட்டிருக்கே, அது நல்ல அறிகுறிம்மா. கேள்வி தப்பா இருந்தா எந்த பதிலும் பொய்யாத்தான் தெரியும். முடிஞ்சா அந்த காட்சிக்கு முன்னாடி இருக்கற அஞ்சு அத்தியாயத்தை எனக்கு தனிமடல்ல அனுப்புங்க. படிச்சிட்டு சொல்றேன். சுத்தி வளைக்காம சொல்வேன், மனசு நோகக்கூடாது.

#5 ஈரத்துணி

அனுப்பிட்டேன் சார். நோகாது. (நோகும், பரவால்ல)

#6 ராத்திரி_டியூட்டி

நான் இருபது வருஷத்துக்கு மேல நர்ஸ், அதுல பாதி கல்லீரல் வார்டு. இலக்கியம் எனக்கு தெரியாது, ஆனா உங்க அற்புதத்துல ஒரு முக்கியமான சாமான் மிஸ்ஸிங்.

கல்லீரல் கெட்டா ரத்தத்துல இருக்கற அமோனியாவை அதால சுத்தம் பண்ண முடியாது, அது மூளைக்கு ஏறும், அதனாலதான் ராத்திரி பகல் மாறிப்போறது, ஆளை தெரியாம போறது எல்லாம். கையை நீட்டி மணிக்கட்டை மேல தூக்கி பிடிக்க சொன்னா பிடிக்க முடியாம பொத்து பொத்துன்னு விழும், மூச்சுல ஒரு மாதிரி இனிப்பா பழசான வாடை வரும், அது சாராய வாடை இல்ல, ரெண்டும் வேற, வார்டுல ஒரு வாரம் இருந்தா யாருக்கும் தெரிஞ்சுடும். லாக்டுலோஸ் என்ன பண்ணுதுன்னா குடல்ல அமிலத்தை கூட்டி அமோனியாவை அங்கயே பிடிச்சு மலத்தோட வெளிய தள்ளுது. 1966-லேர்ந்து இதுக்கு கொடுத்துட்டு வர்ற மருந்து, இன்னிக்கும் முதல்ல கை போறது அதுக்குத்தான். குழம்பி கெடக்கற ஆளுக்கு வயிறு போற வரைக்கும் மணிக்கு ஒரு தடவைகூட கொடுப்போம், அப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போற அளவுக்கு டோஸை குறைப்போம்.

புரியுதா? வயிறு போகாம அவன் தெளிஞ்சிருக்க முடியாது. அந்த ராத்திரி நாலஞ்சு தடவையாவது படுக்கையோட போயிருப்பான். உங்க காட்சில அம்மா முட்டி போட்டு வேண்டிக்கிட்டே இருக்கா, சுத்தி ஒரே வெளிச்சமா இருக்கு. விரிப்பை யாரு மாத்தினது?

#7 சுண்டெலி

ஐயோ 😳

#8 நாத்திகன்_2

ஹாஹா, சிஸ்டர் ஒரே வரில என் மொத்த வாதத்தையும் முடிச்சிட்டாங்க.

#9 ராத்திரி_டியூட்டி

சிரிக்க சொல்லல தம்பி. நிஜமாவே கேக்கறேன், யாரு மாத்தினது?

இன்னொண்ணு, முதல் பதிவுல இல்ல, ஆனா இந்த மாதிரி கதைல வழக்கமா வரும், அதனால முன்னாடியே சொல்லிடறேன். பையனை ரூம்ல போட்டு பூட்டி, ரெண்டு நாள்ல குடிய நிறுத்தற காட்சி வெச்சிருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. வருஷக்கணக்கா தினம் குடிச்சவன் திடீர்னு நிறுத்தினா ஆறேழு மணி நேரத்துல கை நடுங்கும், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், மூணாவது நாள் வாக்குல இல்லாததை எல்லாம் பாத்து அலறுவான், உயிரே போகலாம். மருந்து கொடுத்து பக்கத்துலயே இருந்து நிறுத்தணும். படிக்கிறவங்க நாவல்தானேன்னு நினைக்கமாட்டாங்க, வீட்டுல செஞ்சு பாப்பாங்க.

#10 ஈரத்துணி

மூணாவது அத்தியாயத்துல அதே காட்சி இருக்கு சிஸ்டர், அம்மா பூட்டு போடறா. எடுக்க மாட்டேன், ஆனா ரெண்டாவது நாள் ராத்திரி வலிப்பு வர்ற மாதிரி மாத்தறேன். நன்றி.

விரிப்பு விஷயம். நேத்து ராத்திரிலேர்ந்து யோசிச்சிட்டே இருக்கேன். அம்மாதான் மாத்தினா.

#11 பழைய_பேனா

அத்தியாயம் 12 லேர்ந்து 16 வரைக்கும் படிச்சேன். வாக்கியம் நல்லா வருது உங்களுக்கு, அதை முதல்ல சொல்லிடறேன்.

இப்ப குறை. 12-ல அக்கா நம்ப மாட்டேங்கறா, 13-ல கோவப்படறா, 14-ல பேரம் பேசறா, 15-ல சோர்ந்து போறா, 16-ல ஏத்துக்கறா. யாரோ துக்கத்துக்கு அஞ்சு படின்னு உங்ககிட்ட சொல்லிருக்காங்க, நீங்களும் படிக்கு ஒரு அத்தியாயம்னு கட்டிட்டீங்க. அந்த அஞ்சையும் 1969-ல எழுதினவர் எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல மருத்துவர், அவர் பேசினது சாகப்போற நோயாளிங்ககிட்ட, தன் சாவை ஒருத்தர் எப்படி எதிர்கொள்றார்னுதான் பாத்தார். இழந்துட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு அதை மாட்டிவிட்டது அப்புறம்தான். அது வரிசையா வரும்னு எடுத்துக்காதீங்கன்னு அவரே பின்னாடி சொல்ல வேண்டியதாயிருச்சு.

குடிகாரன் வீட்டு துக்கம் அந்த வரிசைல வராதும்மா. சாவுக்கு பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். ராத்திரி போன் அடிச்சா ஒவ்வொரு தடவையும் செத்துட்டான்னு நினைச்சு எடுத்திருப்பா, அவன் குரல் கேட்டதும் அப்பாடான்னும் இருக்கும் அட சேன்னும் இருக்கும். பத்து வருஷம் ஒத்திகை பாத்த சாவு நிஜமா வரும்போது அழுகை வராம நிக்கும். அதை எழுதுங்க.

இன்னொண்ணு இருக்கு. 1989-ல கென்னத் டோக்கான்னு ஒரு ஆய்வாளர், ஊர் ஒத்துக்காத துக்கம்னு ஒரு விஷயத்தை பத்தி எழுதினார், அதாவது நீ துக்கப்பட உனக்கு உரிமை இல்லன்னு சுத்தி இருக்கறவங்க பார்வைலயே சொல்லிடற இழப்பு. புற்றுநோய்ல பிள்ளைய பறிகொடுத்தவளை கட்டிப்பிடிச்சுக்கறாங்க. குடிச்சு செத்தவனோட அம்மாகிட்ட "அவனா தேடிக்கிட்டது, என்ன பண்றது"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டறாங்க. உங்க அம்மா பாத்திரம் அந்த அற்புத கதைய ஏன் திரும்ப திரும்ப சொல்றான்னு எனக்கு இப்பத்தான் புரியுது. கடவுளுக்கு விளம்பரம் பண்ண இல்ல. கடவுளே வந்து எட்டிப்பாத்த பையன் அவன், கேவலமானவன் இல்லன்னு ஊருக்கு சொல்றா.

#12 சுண்டெலி

பேனா சார் கடைசி வரி படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனை கவுத்து வெச்சிட்டேன்

#13 நேர்பேச்சு

எல்லாரும் ரொம்ப உருகறீங்க, நான் ஒண்ணு சொல்றேன், திட்டறதா இருந்தா திட்டிக்கோங்க. எங்கப்பா குடிச்சே செத்தார். நான் அழல. இந்த மாதிரி நாவல்ல எல்லாம் குடிக்கிறவன் எப்பவும் ரொம்ப நல்லவனா, நல்லா பாடறவனா, குழந்தைங்க சுத்தி சுத்தி வர்றவனா இருப்பான், குடி மட்டும் இல்லன்னா தங்கம். உங்க தம்பியும் முட்டி வலிக்கலயான்னு கேக்கறான். சரி. அவன் ஒரு தடவையாவது அம்மா மேல கை ஓங்கினானா? அக்கா கல்யாணத்துக்கு சேத்த பணத்தை எடுத்தானா? அக்கா எந்த ரூம்ல தாழ்ப்பாள் போட்டு தூங்கினா? 270 பக்கத்துல இது எங்கயாவது இருக்கா? இல்லன்னா நீங்க எழுதறது நாவல் இல்ல, இரங்கல் போஸ்டர்.

#14 மட்டுறுத்துநர்

நேர்பேச்சு, கருத்து சரி, கடைசி வரி தேவையில்ல. இழையை பூட்டற நிலைமை வர வேணாம்.

#15 ஈரத்துணி

பூட்டாதீங்க. அவர் கேட்டது சரி.

ஒரு தடவை ஓங்கினான். அது நாவல்ல இல்ல.

#16 நாலாவது_வருஷம்

இந்த இழைய மூணு நாளா படிக்கிறேன், பேசலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். நான் கட்டில்ல கெடந்த பக்கம். குடிய விட்டு நாலாவது வருஷம் ஓடுது.

நேர்பேச்சு அண்ணே, நீங்க சொல்றதுல ஒரு எழுத்துகூட தப்பில்ல. நான் அம்மா மேல கை ஓங்கலை, ஆனா அதைவிட மோசமா செஞ்சிருக்கேன், இங்க எழுத மாட்டேன். ஆனா நான் முட்டி வலிக்கலயான்னும் கேட்டிருக்கேன். ரெண்டும் ஒரே வாரத்துல. நல்லவன் உள்ள இருக்கான், குடி வெளிய பேசுதுன்னு ஒரு கணக்கு சொல்வாங்கல்ல, அது எங்களுக்கு வசதியான கணக்கு. பணத்தை திருடினவனும் நான்தான், திருடிட்டு வந்து அம்மாவுக்கு மாத்திரை எடுத்து கொடுத்தவனும் நான்தான், நடுவுல யாரும் ஆள் மாறல.

எங்கம்மாவும் வேண்டிக்கிட்டாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்காது, ஏன்னா ஒவ்வொரு தடவை நான் தவறும்போதும் அவங்களோட சேத்து அவங்க கடவுளையும் நான் தோக்கடிக்கிறேன்னு ஆயிரும், ஒரு மனுஷன் எத்தனை பேரைத்தான் ஏமாத்தறது. கடைசில நான் நின்னது குடிய விட நினைக்கறவங்க ஒண்ணா கூடற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துல போய்த்தான், அங்கயும் முதல் நாளே "நம்மைவிட பெரிய சக்தி"ன்னாங்க, எழுந்து வந்துடலாம்னு பாத்தேன். பக்கத்துல இருந்த பெரியவர், உனக்கு எதை நினைக்க தோணுதோ அதை நினைச்சுக்கன்னார். நான் அந்த ரூம் கதவை நினைச்சுக்கிட்டேன். நான் போறப்ப எல்லாம் தொறந்திருந்துச்சு, அதான் காரணம். வேற தத்துவம் ஒண்ணும் இல்ல.

#17 நாத்திகன்_2

நாலாவது_வருஷம், உங்களுக்கு வாழ்த்து, மனசார. ஆனா பொதுவா கேக்கறேன், இந்த கூட்டம்னு சொல்றது சுத்தி வளைச்சு மறுபடியும் மதம்தானே? கதவுன்னாலும் கடவுள்னாலும் அறிவியல் எங்க இருக்கு?

#18 பழைய_பேனா

இதுக்கு நான் பதில் சொல்றேன், கொஞ்சம் கதை மாதிரி போகும். அந்த கூட்டம் ஆரம்பிச்சது 1935-ல அமெரிக்கால ஓஹியோ மாநிலம் ஆக்ரன்ல. பில் வில்சன் பங்குச்சந்தைக்காரர், பாப் ஸ்மித் அறுவை சிகிச்சை டாக்டர், ரெண்டு பேருமே குடியால சீரழிஞ்சவங்க. இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு: ரோலண்ட் ஹஸார்டுன்னு ஒரு பணக்கார அமெரிக்கர் குடிய விட முடியாம கார்ல் யுங்கிட்ட போனார். யுங் எவ்ளோ பெரிய மனநல மருத்துவர், அவரே கடைசில என் மருத்துவத்தால இனி உனக்கு ஆகாது, ஆன்மீகமா ஏதாவது பெரிய அனுபவம் கிடைச்சாத்தான் உண்டுன்னு சொல்லிட்டார். 1961-ல, தான் சாகறதுக்கு சில மாசம் முன்னாடி, வில்சனுக்கு எழுதின கடிதத்துல யுங் இன்னொண்ணு சொல்றார். லத்தீன்ல சாராயத்துக்கும் ஆன்மாவுக்கும் ஒரே சொல்தான், ஸ்பிரிட்டுஸ். குடிகாரனோட தாகமே தப்பான இடத்துக்கு போயிட்ட ஒரு ஆன்மீக தாகம்ங்கற மாதிரி போகும் அவர் வாதம்.

இதை முழுசா ஒத்துக்கணும்னு இல்ல. நான்கூட பாதிதான் ஒத்துக்கறேன். ஆனா நாவல் எழுதறவங்களுக்கு இது தங்கச்சுரங்கம், அம்மாவும் பையனும் ஒரே தாகத்தோட ரெண்டு வேற கிணத்துக்கு போனவங்களா இருக்கலாம்ல.

#19 ராத்திரி_டியூட்டி

அறிவியல் கேட்ட தம்பிக்கு: 2020-ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுங்களை சேத்து வெச்சு அலசற அமைப்போட ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு வந்துச்சு, 27 ஆய்வு, 10,000 பேருக்கு மேல. அந்த கூட்டத்துக்கு முறையா சேத்து விடற சிகிச்சை, தொடர்ந்து குடிக்காம இருக்கறதுல மத்த மனநல சிகிச்சைக்கு சமமாவோ கொஞ்சம் மேலயோ இருக்குன்னு முடிவு. அதுக்காக கடவுள் இருக்கார்னு யாரும் எழுதல. ஒரே மாதிரி அடிபட்டவங்க வட்டமா உக்காந்து பேசறதுலயே ஏதோ இருக்குன்னு நான் நினைக்கிறேன். கூடவே குடிக்கற ஆசைய குறைக்கற மருந்தும் இருக்கு, நால்ட்ரெக்ஸோன் மாதிரி, அதையும் டாக்டர்கிட்ட கேக்கணும், ஒண்ணை பிடிச்சா இன்னொண்ணை விடணும்னு சட்டம் இல்ல.

#20 நாத்திகன்_2

சரி சிஸ்டர், ஒத்துக்கறேன். (பாதி)

#21 கண்ணாடிக்காரி

லேட்டா வந்தேன். வேற ஒரு குறை. அம்மா "வேண்டிக்கிட்டா வேண்டிக்கிட்டா"ன்னே வருது, யாரை, என்ன சொல்லி, எந்த வார்த்தைல? எந்த மதம்னு சொல்லக்கூடாதுன்னு ஜாக்கிரதையா எழுதறீங்க போல. பேர் இல்லாத கடவுள்கிட்ட யாரும் ராத்திரி மூணு மணிக்கு அழ மாட்டாங்க மேடம். எங்க பாட்டி கடவுளை வாடா போடான்னு திட்டுவா, அதான் அவ வழிபாடே. உங்க அம்மா ரொம்ப மரியாதையா வேண்டறா, ஆபீஸ்ல லீவ் லெட்டர் கொடுக்கற மாதிரி.

#22 ஈரத்துணி

லீவ் லெட்டர் 😂 வாஸ்தவம்தான். மதத்தை சொன்னா படிக்கிறவங்க அதை பிடிச்சுக்கிட்டு சண்டை போடுவாங்கன்னு பயந்தேன். திருத்தறேன், அம்மா திட்டட்டும்.

எல்லாருக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும். சிஸ்டர் கேட்ட விரிப்பு கேள்விய வெச்சு நேத்து அந்த காட்சிய மறுபடி எழுத உக்காந்தேன். அம்மா நாலு தடவை விரிப்பு மாத்தறா. ஒவ்வொரு தடவையும் தம்பிய ஒருக்களிச்சு படுக்க வெச்சு, தொடைச்சு, பழசை சுருட்டி வாளில போட்டு, கை கழுவிட்டு வந்து மறுபடி முட்டி போடறா. எழுதிட்டே இருக்கும்போதுதான் உறைச்சுது, சிரப் எதுக்குன்னு டாக்டர் அம்மா முன்னாடியேதான் சொல்லிருக்கார். வயிறு போனா தெளிவான்னு அவளுக்கு தெரியும். நாலு தடவை கையால பாத்திருக்கா. நான் மூணு வருஷமா அவளை ஒண்ணும் தெரியாதவளாவே எழுதிட்டிருந்திருக்கேன், அவகிட்ட சொல்றதுக்கு அக்காகிட்ட ஏதோ பெரிய ரகசியம் இருக்கற மாதிரி. ஒரு ரகசியமும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டேதான் அற்புதம்ங்கறா.

#23 நாலாவது_வருஷம்

ஆமா அக்கா. எங்கம்மாவுக்கும் எல்லாம் தெரியும்.

#24 நாத்திகன்_2

இது நான் எதிர்பாக்கல. என் #3 வாதம் அப்படியேதான் நிக்குது, வெளிய அவ எப்படி சொல்றாங்கறது முக்கியம், வாளியையும் சேத்து சொல்லட்டும். ஆனா வீட்டுக்குள்ள அக்கா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லதான்.

#25 ராத்திரி_டியூட்டி

ஈரத்துணி, ஒண்ணு கேக்கணும். பொதுவுல கேக்கலாமா தெரியல, வேணாம்னா பதில் போடாதீங்க. 35-ல கல்லீரல் போச்சு, மூளை குழம்பி தெளிஞ்சான், அதுக்கப்புறம் ஏழு மாசம் இருந்தான்னு எழுதிருக்கீங்க. அந்த நிலைமைல எந்த டாக்டரும் கல்லீரல் மாற்று சிகிச்சை பத்தி பேசாம இருக்க மாட்டார். குடிச்சு கெட்டதுன்னா ஆறு மாசம் தொடாம இருந்து காட்டணும்னு நிறைய இடத்துல கேப்பாங்க. அந்த ஆறு மாச விதி சரியா தப்பான்னு டாக்டர்களுக்குள்ளயே சண்டை, 2011-ல பிரான்ஸ்ல காத்திருக்க வைக்காம தேர்ந்தெடுத்து செஞ்சு பாத்து நல்ல பலன் வந்துச்சுன்னு ஆய்வு வந்துச்சு, ஆனாலும் பல இடத்துல இன்னும் கேக்கறாங்க. உயிரோட இருக்கறவங்களும் கல்லீரல்ல ஒரு பங்கு கொடுக்கலாம், வெட்டினது திரும்ப வளரும். முதல்ல கேக்கறது கூடப்பிறந்தவங்களைத்தான்.

உங்க கதைல அக்கா இருக்கா. அவளை யாரும் கேக்கலயா?

#26 சுண்டெலி

(நீக்கப்பட்டது, ஒரு ஜோக் போட்டேன், வேணாம்னு எடுத்துட்டேன்)

#27 பழைய_பேனா

சிஸ்டர் கேட்டதுக்கு அவசரமா பதில் வேணாம்மா. எப்ப தோணுதோ அப்ப.

#28 ஈரத்துணி

ஒன்பது நாளா இந்த பக்கம் வரல. மன்னிக்கணும்.

கேட்டாங்க. ரத்த வகை ஒத்துப்போச்சு. ஆறு மாசம் அவன் தொடாம இருந்தா பாக்கலாம்னாங்க. நாவல்ல நான் இதை எழுதவே இல்ல, டாக்டர் "ரொம்ப தாமதம்"னு ஒரே வரில சொல்லிட்டு போற மாதிரி வெச்சிருந்தேன். மூணு வருஷமா சிரப், அற்புதம், அம்மாகிட்ட சொல்லலாமா கூடாதான்னு சுத்திக்கிட்டே இருந்ததெல்லாம் இதை எழுதாம இருக்கத்தான்னு இப்ப தெரியுது. எழுதிட்டேன். அரை பக்கம்தான். இங்க போடறேன்.

"நாலாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் போர்வைய மடிக்க எடுத்தேன். அந்த இனிப்பு வாடைதான் வரும்னு மூக்கு தயாரா இருந்தது. வந்தது வேற. எனக்கு பதினாறு வருஷமா தெரிஞ்ச வாடை. போர்வைய அப்படியே மடிச்சு வெச்சேன். அம்மா அடுத்த ரூம்ல கடவுளை திட்டிக்கொண்டு இருந்தாள். அவளிடம் சொல்வதற்கு முன்னால் நான் செய்தது ஒன்று உண்டு. திங்கள்கிழமை காலை எனக்கு ஸ்கேன் எடுக்க நேரம் கொடுத்திருந்தார்கள், என் கல்லீரல் எவ்வளவு பெரியது, எவ்வளவு வெட்டலாம் என்று பார்க்க. அதை ரத்து பண்ண போன் போட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு பெண், காரணம் என்ன மேடம் என்றாள். இனி தேவைப்படாது என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு திடீர் விடுமுறை என்று தெரிந்த பிள்ளையின் குரல். அந்தப் பெண்ணும் சந்தோஷமாக, ஓ நல்லது மேடம், வாழ்த்துகள் என்றாள். அவனுக்கு குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் நன்றி சொன்னேன்."

அவ்ளோதான். பேச்சும் எழுத்தும் கலந்து கெடக்கு, சரி பண்ணணும்.

#29 நாலாவது_வருஷம்

அக்கா. எனக்கு ஒரு அண்ணன் இருக்கார். நாலு வருஷமா என்கூட சரியா பேசறதில்ல. இதை அவருக்கு அனுப்பலாமா?

#30 ஈரத்துணி

அனுப்புங்க.

#31 கண்ணாடிக்காரி

பேச்சும் எழுத்தும் கலந்திருக்கறதை சரி பண்ணாதீங்க மேடம். "வந்தது வேற"ன்னு பேச்சுல வந்துட்டு "அவளிடம்"னு திடீர்னு எழுத்துக்கு மாறறா பாருங்க, அந்த இடத்துலதான் அவ தள்ளி போய் நிக்கிறா.

#32 நேர்பேச்சு

படிச்சேன். போஸ்டர்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன்.

எங்கப்பா செத்த அன்னிக்கு நான் என் ரூம் தாழ்ப்பாளை கழட்டி தூக்கி போட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. வேணும்னா எடுத்துக்கோங்க நாவலுக்கு.

#33 ஈரத்துணி

உங்களுதுங்க அது. நீங்க எழுதுங்க.

#34 பழைய_பேனா

"ரொம்ப தாமதம்"ங்கற டாக்டர் வரிய முழுசா தூக்கிடுங்க, பயந்தவங்க எழுதின வரி அது. சிரப் காட்சி அப்படியே இருக்கட்டும், அக்கா ஒண்ணும் சொல்ல வேணாம், வாளிய தூக்கிக்கிட்டு போய் கொட்டிட்டு வரட்டும். மீதி அத்தியாயங்களையும் அனுப்புங்க, அந்த அஞ்சு படிய இடிக்கணும்.

#35 ராத்திரி_டியூட்டி

புது வெர்ஷன் தனிமடல்ல படிச்சேன், நல்லாருக்கு, அழுதேன், அதெல்லாம் விடுங்க. ஒரு திருத்தம். அக்கா சிரப்பை "ஒரு ஸ்பூன்" ஊத்தறான்னு மூணு இடத்துல இருக்கு. ஸ்பூனுக்கு எல்லாம் அந்த நிலைமைல யாரும் தெளிய மாட்டாங்க. 30 எம்.எல்., அந்த பாட்டில் மூடிமேலயே கோடு போட்ட சின்ன கப் இருக்கும், அதுல. பிசுபிசுன்னு இருக்கும், சிந்தினா கட்டில் கம்பில ஒட்டிக்கும், காலைல துடைச்சாலும் போகாது.

#36 ஈரத்துணி

ஆமா சிஸ்டர், ஒட்டும். மாத்திட்டேன்.